ஊசிக்கு இடமில்லாத கை

கொட்டிவாக்கத்திலே, குப்பத்துக்குப் போகும் வழியில், நம் தோழர்கள் நடத்தும் படிப்பகம் ஒன்று உண்டு. நான்கு பெஞ்சு, ஒரு மேசை, சுவரிலே பெரியார், அண்ணா, கலைஞர் படங்கள் - அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. காலையிலே ஏடு வந்ததும் ஒருவர் உரக்கப் படிப்பார். வலை இழுத்துவிட்டு வந்தவரும், ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவரும், சித்தாள் வேலைக்குப் புறப்பட்டவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். படித்து முடித்ததும் விவாதம் கிளம்பும். டெல்லி தப்பாது, கோட்டையும் தப்பாது!

அந்தப் படிப்பகத்துக்கு அண்மையில் ஒரு தோழர் வந்தார். சென்ட்ரிங் வேலை செய்பவர். பழைய மாமல்லபுரம் சாலையிலே வானை முட்டி நிற்கும் கணினி மாளிகைகள் பலவற்றுக்குப் பலகை அடித்துக் கொடுத்தவர். கழுத்திலே கட்டி வந்தது, பரிசோதித்தார்கள், நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு சுற்று கீமோ என்று முடிவாயிற்று. முதல் சுற்று முடிந்திருந்தது. சட்டைக் கையைச் சுருட்டி முன்கையைக் காட்டினார். மருந்து ஏறிய இரத்தக் குழாய் கயிறுபோல் தடித்துக் கறுத்துக் கிடந்தது. ஆறு இடத்திலே குத்திப் பார்த்து, ஏழாவது இடத்திலேதான் ஊசி நின்றதாம். இருபது ஆண்டு உளி பிடித்த கை. சுத்தியல் தூக்கிய கை. இன்று ஓர் ஊசிக்கு இடமில்லாத கை!

அவர் கையிலே இரண்டு காகிதங்கள் இருந்தன. "தோழர், அடுத்த சுற்றுக்கு முன்னாடி டியூப் வைக்கணுமாம். ரெண்டு மாதிரி இருக்காம். எது வேணும்னு நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொண்டாரச் சொன்னாங்க. இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். இரண்டும் ஆங்கிலம்! தமிழ்நாட்டிலே, தமிழன் உடம்பிலே, தமிழன் நெஞ்சுக்குப் பக்கத்திலே வைக்கப்போகும் கருவியைப் பற்றி அவன் ஒப்புதல் தரவேண்டிய காகிதத்தில் அவனுக்குப் புரிகிற சொல் ஒன்றுகூட இல்லை. கையெழுத்து மட்டும் தமிழில் போடலாமாம்!

நாம் மருத்துவரல்ல. ஆனால் படித்தும், படித்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் தோழர்களுக்குச் சொல்வது நம் கடமை. இன்று இவர் கேட்கிறார். நாளை இன்னொருவர் வீட்டிலே இதே கேள்வி எழலாம்.

முதலிலே ஒரு சொல்லைச் சரிசெய்து கொள்வோம். "நரம்பு கிடைக்கவில்லை" என்று ஊரெல்லாம் சொல்கிறோம். ஊசி ஏறுவது நரம்பிலே அல்ல. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயிலே. அதற்குச் சிரை என்று பெயர். கையிலே உள்ள சிரை சிற்றோடை. அதிலே இரத்தம் மெல்ல ஓடும். கீமோ மருந்துகளிலே சில, தொட்ட இடத்தைப் புண்ணாக்கும் கொடுமை உடையவை. சிவப்பாகச் சொட்டுகிறதே டாக்ஸோரூபிசின், அது அந்த இனம். வின்கிறிஸ்டினும் அந்த இனமே. ஊசி நழுவி இவை சதைக்குள் கசிந்துவிட்டால் தோல் வெந்து, தசை அழுகி, சில வேளை அறுவை செய்ய வேண்டிய நிலைகூட வரும். ஆனால் மார்புக்குள்ளே, இதயத்துக்கு மேலே, பெருஞ்சிரை ஒன்று இருக்கிறது. அதிலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரத்தம் பாய்கிறது. ஓடையிலே கொட்டினால் மீன் சாகும் நஞ்சு, பெருவெள்ளத்திலே கலந்தால் கரைந்துபோகிறது அல்லவா? அதுதான் இந்தக் கருவிகளின் தத்துவம். மருந்தை ஓடையிலே விடாதே, ஆற்றிலே விடு!

அந்த ஆற்றுக்கு வழி கண்டவன் கதையையும் கேளுங்கள். 1929 ஆம் ஆண்டு. ஜெர்மனியிலே, எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர் மருத்துவமனை. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி கூடாது என்று தடுத்தும் கேளாமல், தன் கைச் சிரையைத் தானே திறந்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், குழாயின் முனை இதயத்தைத் தொட்டதைப் படம் பிடித்துக் காட்டினார். பாராட்டவில்லை உலகம், பழித்தது. 27 ஆண்டு கழித்து, 1956 இல், நோபல் பரிசு தந்தது. பிறகு 1973 இல் புரோவியாக், 1979 இல் ஹிக்மன் என்ற அமெரிக்க மருத்துவர்கள், தோலுக்கடியிலே சுரங்கம்போல் ஓட்டி நெடுநாள் வைத்திருக்கத்தக்க குழாய்களை அமைத்தார்கள். 1980களின் தொடக்கத்திலே, முழுவதையும் தோலுக்குள் புதைத்துவிடும் போர்ட் வந்தது.

இந்த ஆண்டுகளைப் படிக்கும்போது நமக்கு இன்னோர் ஆண்டு நினைவுக்கு வருகிறது, நெஞ்சு கனக்கிறது. 1969, பிப்ரவரி 3. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு 1968 இல் நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டு திரும்பிய நம் அண்ணா, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலே கண் மூடிய நாள். முதலமைச்சராயிருந்தவர், உலகின் சிறந்த மருத்துவம் கிடைத்தவர். அவருக்கும் அன்று இந்தக் கருவிகள் இல்லை. உலகிலே யாருக்குமே இல்லை! இன்று கொட்டிவாக்கத்துச் சென்ட்ரிங் தொழிலாளியிடம் "எது வேண்டும்?" என்று கேட்கும் அளவுக்கு அறிவியல் வளர்ந்திருக்கிறது. அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. ஏழையின் கைக்கு அது எட்டுகிறதா என்பதுதான் அரசியலின் வேலை.

அந்த அடையாறு மருத்துவமனை எப்படி வந்தது? பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்திலே, 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்று, 1927 இல் சட்டமன்ற மேலவையிலே நுழைந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை உறுதியாக மாற்றி, 1954 இல் 12 படுக்கைகளோடு தொடங்கிவைத்த இடம் அது. பின்னாளில் டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்து 2021 இல் மறைந்தார். கொட்டிவாக்கத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆனால் கூப்பிடு தூரத்திலே மருத்துவமனை இருந்தால் போதாது. கூப்பிட்டால் புரிகிற மொழியிலே பதில் வரவேண்டும். ஆகவே அந்த இரண்டு காகிதங்களுக்கு வருவோம்.

வழிகள் மூன்று.

ஒன்று, பிக் லைன். மேற்கைச் சிரையிலே, ஸ்கேன் கருவியால் பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நுழைக்கும் மெல்லிய நீளக் குழாய். உள்முனை மார்புப் பெருஞ்சிரையிலே. வெளிமுனை கையிலே தொங்கும். பெரிய அறுவை இல்லை. எடுப்பதும் எளிது. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இருக்கும். ஆனால் வாரம் ஒருமுறை கழுவிவிட்டு, கட்டு மாற்றியே தீரவேண்டும். நனையக் கூடாது. அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது.

இரண்டு, ஹிக்மன் குழாய். மார்பிலே தோலுக்கடியில் ஓட்டி வெளியே விடுவது. எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற, ஒரே நேரத்தில் பல மருந்தும் இரத்தமும் ஏற்றவேண்டிய பெருஞ்சிகிச்சைகளுக்குப் பெரிதும் பயன்படுவது. இதற்கும் வாராவாரம் கவனிப்பு வேண்டும்.

மூன்று, கீமோ போர்ட். பத்து ரூபாய் நாணயத்தின் அகலமுள்ள ஒரு சிறு குப்பி. அதன் மேல்மூடி சிலிக்கோன். அதிலிருந்து ஒரு குழாய் பெருஞ்சிரைக்குப் போகிறது. காறையெலும்புக்குக் கீழே, தோலுக்குள் சிறு அறுவை செய்து புதைத்துவிடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. சிறு மேடு தட்டுப்படும். மருந்து ஏற்றும்போது மட்டும் ஹூபர் ஊசி என்ற தனி ஊசியால் தோலின் மேல் குத்தி ஏற்றுவார்கள். ஊசியை எடுத்துவிட்டால் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். பயன்படுத்தாத காலத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவிவிடுவது நெடுநாள் வழக்கம்; இன்று இன்னும் நீண்ட இடைவெளி தரும் மருத்துவமனைகளும் உண்டு. ஆண்டுக்கணக்கிலும் இருக்கும். ஆனால் வைப்பதற்கும் எடுப்பதற்கும் அறுவை. தொடக்கத்திலே விலை அதிகம்.

எது நல்லது? பிரிட்டனிலே 1061 நோயாளிகளை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2021 இல் லான்செட் ஏட்டிலே வந்தது. கிருமி தொற்றுதல், அடைத்துக்கொள்ளுதல், இரத்தம் உறைதல் முதலிய தொல்லைகள் போர்ட் வைத்தவர்களிலே 100 க்கு ஏறத்தாழ 30 பேருக்கு. பிக் லைனோ ஹிக்மனோ வைத்தவர்களிலே 100 க்கு 40 க்கும் மேல். போர்ட் முந்தியது. ஆனாலும் 30 பேருக்குத் தொல்லை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தொல்லையே இல்லாத குழாய் இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே, ஒரே சட்டை எல்லோருக்கும் பொருந்தாது. சிகிச்சை சில வாரம் மட்டுமே என்றால், இரத்தத் தட்டணு குறைந்து அறுவைக்கு உடம்பு இடம் தரவில்லை என்றால், அவசரம் என்றால், பிக் லைன் ஏற்றது. மாதக்கணக்கில், இடைவெளிவிட்டு ஏற்றும் மருந்து என்றால் போர்ட் ஏற்றது. கைச்சிரை நன்றாக இருந்து, மருந்தும் புண்ணாக்காத வகையாக இருந்தால், எதுவுமே வைக்காமல் முடிக்கலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லவேண்டும். பின்னாளில் டயாலிசிசுக்குக் கைச்சிரை தேவைப்படும், ஆதலால் அவர்களுக்குக் கையிலே பிக் லைனைத் தவிர்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட சகோதரிகளுக்குப் பொதுவாக மறுபக்கத்தையே தேர்ந்தெடுப்பார்கள்.

மருத்துவர் நோயைப் பார்ப்பார், மருந்தைப் பார்ப்பார். தொழிலாளி தன் பிழைப்பை அவரிடம் சொல்லவேண்டும். "நான் வலை இழுப்பவன், உப்புநீரிலே நிற்பவன்", "நான் பலகை தூக்குபவன், வியர்வையிலே குளிப்பவன்" என்று சொல்லுங்கள். கடற்காற்றும் மணலும் வியர்வையும் கையிலே ஒட்டிய கட்டை ஒரு வாரம் விட்டுவைக்குமா?

விலையிலேயும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் தோழருக்கு பிக் லைன் மலிவு என்று சொல்லியிருக்கிறார்கள். நாம் படிப்பகத்து மேசையிலே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பாக்கி 5 சுற்று. அதாவது 15 வாரம். வாரம் ஒரு கட்டு, 15 கட்டு. மருந்து ஏற்றும் நாளிலேயே மாற்றிக்கொள்வது 5. பாக்கி 10 முறை கட்டுக்காகவே மருத்துவமனை போகவேண்டும். பத்து நாள் அவருடைய பொழுது. துணைக்கு வரும் துணைவியாரின் வீட்டுவேலைக் கூலியும் பத்து நாள் போகும். போக்குவரத்து வேறு, கட்டுச் சாமான் வேறு. இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு எது, விலை எது? முதலிலே கொடுப்பது மட்டும் விலையல்ல தோழர்களே. முடிகிறவரை கொடுப்பதெல்லாம் விலை! பணக்காரனுக்குக் குழாயின் விலை மட்டுமே செலவு. ஏழைக்கு அவன் இழக்கும் ஒவ்வொரு நாளும் செலவு.

இனி, வைத்தபின் காப்பது. இதுதான் உயிர்நிலை.

குழாயைத் தொடும் எவரும், அவர் யாராக இருந்தாலும், முதலில் கை கழுவவேண்டும். கழுவாமல் வந்தால் "கை கழுவிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல, உரிமை. மருந்து ஏற்றுமுன் குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் பதினைந்து நொடியாவது தேய்த்து, உலரவிட வேண்டும். ஏற்றுமுன் இரத்தம் பின்வாங்கி வருகிறதா என்று இழுத்துப் பார்க்கவேண்டும். வராத குழாயிலே கீமோ ஏற்றக் கூடாது. காரணம் கண்டபிறகே ஏற்றவேண்டும். கழுவுவதற்கு 10 மில்லிக்குக் குறையாத சிரிஞ்சு வேண்டும். சிறிய சிரிஞ்சின் அழுத்தம் குழாயை உடைக்கும். போர்ட்டிலே ஹூபர் ஊசி தவிர வேறு ஊசி குத்தக் கூடாது. குத்தினால் மேல்மூடி பழுதாகிவிடும். தெருமுனைக் கம்பவுண்டரிடம் இதிலே ஊசி போடச் சொல்லாதீர்கள்.

பிக் லைன் உள்ள கையிலே இரத்த அழுத்தப் பட்டை கட்டவிடாதீர்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறையால் சுற்றுங்கள். கடலிலும் குளத்திலும் இறங்காதீர்கள். கட்டு நனைந்தாலோ, விளிம்பு பெயர்ந்தாலோ வாரம் முடியக் காத்திராதீர்கள், அன்றே மாற்றுங்கள். குழாய் சற்று வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளாதீர்கள். அப்படியே ஒட்டிவைத்து மருத்துவமனைக்குப் போங்கள். குழாய் விரிந்தோ உடைந்தோ போனால், உடைந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவிலே மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு 108 ஐ அழையுங்கள். காற்று உள்ளே போகவிடக் கூடாது. எந்தக் கருவி, எந்த நாள் வைத்தது, ஸ்கேன் மருந்தை வேகமாகச் செலுத்தத் தக்கதா என்று குறித்த அட்டை ஒன்று கொடுப்பார்கள். அதை வாக்காளர் அட்டைபோல் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கீமோ ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்திலே வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். உடம்பின் காவற்படை ஊரிலே இல்லாத காலம் அது. அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அல்லது குழாயைக் கழுவிய சற்று நேரத்திலே குளிர் நடுக்கம் எடுத்தால், மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளாதீர்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். நள்ளிரவானாலும் அந்த நேரமே புறப்படுங்கள். கிருமி இரத்தத்திலே ஏறியிருந்தால் சில மணி நேரத் தாமதம் உயிரைக் கேட்கும். கை வீங்கினால், கழுத்து வீங்கினால், குழாய் நுழைந்த இடம் சிவந்தால், சீழ் கண்டால், மருந்து ஏறும்போது எரிந்தால், மூச்சு வாங்கினால் உடனே சொல்லுங்கள்.

இந்த இடத்திலே பகுத்தறிவாளர் என்ற முறையிலும் ஒரு வார்த்தை. பாசத்தாலே சில வீடுகளிலே அந்த இடத்தின்மேல் திருநீறு பூசுகிறார்கள், மஞ்சள் அப்புகிறார்கள், மந்திரித்த எண்ணெய் தடவுகிறார்கள். யார் மனத்தையும் புண்படுத்துவது நம் நோக்கமல்ல. ஆனால் அந்தக் குழாய் நேரே இதயத்தின் வாசலுக்குப் போகிறது. அதன் வாயிலே வைக்கும் சிட்டிகைப் பொடி, பொடியோடு வரும் கிருமிக்குத் திறந்துவிட்ட கதவு. நம்பிக்கையை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குப் போகும் குழாயிலே வைக்காதீர்கள்!

இனி நாம் கேட்கவேண்டியது என்ன?

முதலாவது, தமிழ். ஒப்புதல் காகிதமும், பராமரிப்புக் குறிப்பும், கருவி அட்டையும் தமிழிலே இருக்கவேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இதிலே விலக்கு வேண்டாம். புரியாமல் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகுமா?

இரண்டாவது, பக்கத்திலேயே பராமரிப்பு. கொட்டிவாக்கம் 2011 இல் மாநகராட்சியோடு இணைந்தது. நகர்ப்புற நலவாழ்வு நிலையங்களின் செவிலியர்க்குக் கட்டு மாற்றவும் குழாய் கழுவவும் முறையான பயிற்சி கொடுத்தால், அந்தப் பத்து நாட்களும் தொழிலாளியின் பையிலே மிஞ்சும். நடக்காத காரியமா? 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலே, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வீட்டுக்கே மருந்துநீர்ப் பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் அல்லவா? வயிற்றுக் குழாய்க்குச் செய்த நாடு, நெஞ்சுக் குழாய்க்குச் செய்யக் கூடாதா?

மூன்றாவது, விலை. 2017 பிப்ரவரியிலே இதய ஸ்டென்ட்டுக்கு ஒன்றிய அரசு உச்சவிலை விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 30,000 ரூபாய்க்குள் வந்தது. இதயக் குழாய்க்குள் வைக்கும் கருவிக்குச் செய்ததைச் சிரைக்குள் வைக்கும் கருவிக்கும் செய்யட்டும். அதுபோலவே, 2009 இல் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாய் நடந்த காப்பீட்டிலே, கீமோவைச் சேர்த்தால் போதாது. கீமோ ஏறும் வழியையும், அதன் பராமரிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தண்ணீர் தருகிறேன், குழாய்க்கு நீயே காசு கொடு என்றால் தாகம் தீருமா? ஆட்சியிலே யார் இருந்தாலும் நாம் இதைக் கேட்போம்.

நான்காவது, நாம். அரசைக் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கிளைதோறும் நாலு தோழர் எண்கள் படிப்பகச் சுவரிலே எழுதப்படட்டும்: நள்ளிரவு ஆட்டோவுக்கு ஒருவர், இரத்த தானத்துக்கு ஒருவர், காப்பீட்டுப் படிவத்துக்கு ஒருவர், ஆங்கிலக் காகிதம் படித்துச் சொல்ல ஒருவர். தேர்தல் நாளிலே வாக்காளரை வீட்டிலிருந்து அழைத்துவரும் நமக்கு, காய்ச்சல் நாளிலே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக முடியாதா?

நம் தோழர் மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். நாமும் உடன் போனோம். தன் வேலையைச் சொன்னார். பத்து நாள் கணக்கைச் சொன்னார். மருத்துவர் பொறுமையோடு கேட்டார். இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் போர்ட்டே பொருந்தும்" என்றார். முதல் செலவுக்குக் கிளைத் தோழர்கள் துண்டேந்தினார்கள். வலது காறையெலும்புக்குக் கீழே சிறு தழும்போடு அவர் மீண்டும் படிப்பகம் வந்தார். இரண்டாம் சுற்று ஏறியாகிவிட்டது; ஒரே குத்து.

"கை தப்பிச்சுது தோழர்" என்றார்.

கை தப்பியது, மகிழ்ச்சி. ஆனால் துண்டேந்தித்தான் ஒரு கை தப்பவேண்டும் என்ற நிலை இருக்கும்வரை நம் வேலை முடியவில்லை. படிப்பகத்துக்கு வராத தோழர்கள், கேட்கத் தெரியாத தாய்மார்கள், இதே இரண்டு காகிதங்களோடு எத்தனை வாசலிலே நிற்கிறார்களோ! அவர்களுக்காகவும் கேட்போம்.